பட்டாசு ஆர்டர் கேட்டு நுழைந்த அறை

சிவகாசியில் எங்கள் கல்லூரிக்கு, மாணவர்களின் மனக்கஷ்டம் கேட்க ஓர் ஆலோசகர் வந்தார். உப்பிய கன்னம், ஓயாத சிரிப்பு. அவரிடம் போனால் பைத்தியம் என்பார்களே என்று பயந்து, பட்டாசு விற்பதற்காக வெளியூர் டீச்சர்களிடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பதுபோல, "மிஸ், தீபாவளிக்குப் பட்டாசு ஆர்டர்..." என்று இழுத்தபடி நுழைந்தேன்.

"நீயுமா? வாரவுக எல்லாம் ஆர்டரே கேக்காக! அம்புட்டையும் வாங்குனா நான் கடைதான் வைக்கணும்," என்று குலுங்கினார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாதியில் அழுகையானது.

"செத்துரணும்னு தோணுதா தாயி?"

தலையாட்டினேன்.

"சொல்லிட்டேல்ல, அதுவே பெருசு. வா, விருதுநகர் பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மாவப் பாப்போம். நானும் வாரேன்."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சாக நினைத்த நான், அவர் விழித்துவிடக் கூடாதே என்று விருதுநகர் வரும்வரை அசையாமல் இருந்தேன். நிஜமாகவே தூங்கினாரா? இன்றுவரை தெரியவில்லை.