ரெங்கத்துத் தோசைக்கடையில் நான் கலைத்த வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜொகூர் பாருவில் ரயில் ஏறினேன். சொந்தமாக இரண்டு லாரி வைத்திருப்பவன் மூன்றாம் வகுப்பில் ஏன் போகிறான் என்று கேட்பீர்கள். லாரிகள் பலகை ஏற்றப் போய்விட்டன. எனக்குச் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. ரெங்கம் ஏறக்குறைய ஐம்பது மைல். வழியெல்லாம் ரப்பர் மரம்தான்.

போன காரியம் இது. அடுத்த மாதம் என் மகள் கல்யாணம். ரெங்கம் ஸ்டேஷனுக்கு எதிரே கடை போட்டிருக்கும் பாக்கியம்மாள்தான் வந்து தோசை சுடப் போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு இறங்கினேன். கடை என்றால் நான்கு கம்பு, அத்தாப்பு ஓலைக் கூரை, உட்கார ஒரு நீளப் பலகை. இரண்டு தோசை மூன்று காசு; கருவாட்டுக் குழம்பு சும்மா. பலகையில் ஆளே இல்லை. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் இருபதுக்கு மேல் கிடந்தன. கழுவாத பாத்திரம் என்று நினைத்து எல்லாவற்றையும் மூலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

பாக்கியம்மாள் திரும்பிப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னங்கய்யா பண்ணிட்டீங்க? சனங்க எடம் போட்டுட்டுச் சாமான் வாங்கப் போயிருக்காங்க."

வீட்டுக்கு ஒரு மங்கு வைத்துவிட்டுப் போவார்களாம். திரும்பி வந்து அந்த வரிசைப்படி சாப்பிடுவார்களாம். இதை எழுதித் தொங்கவிட்டால் என்ன? எழுதியிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன், அது வேறு.

தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். மங்கு யாருடையது என்று அவரவருக்குத் தெரிந்தது. யார் முந்தி, யார் பிந்தி என்பதில்தான் சண்டை. நாலு மைல் நடந்து வந்தவன் கத்துகிறான், ஆறு மைல் நடந்தவன் அவனுக்கு மேல் கத்துகிறான். வரிசை சரியாகிற வரைக்கும் மாவு ஊற்ற மாட்டேன் என்று பாக்கியம்மாள் விறகை வெளியே இழுத்துவிட்டாள்.

"இந்தப் பெரியவரையும் மங்கோட சேத்து மூலையில தள்ளுங்கடி" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஆளைப் பார்த்து!

பதினோரு மணிக்குத்தான் அடுப்பு மறுபடி எரிந்தது. எனக்கு மங்கு இல்லாததால் இடமும் இல்லை. சீனன் கடையில் ஐந்து காசுக்கு ஒன்று வாங்கி வந்து கடைசியில் வைத்தேன்.

ஒரு மணிக்கு இலை வந்தது. வெயிலும் வயிற்றெரிச்சலுமாக உட்கார்ந்தவன் எட்டுத் தோசை தின்றேன். அதற்கு மேல் என்ன சொல்ல?

கை கழுவிவிட்டுக் கல்யாண விஷயத்தை எடுத்தேன். கூலி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"பந்தியில யாருக்கு மொதல்ல போடுவீங்க?"

சம்பந்தி தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி, அவர் பக்கத்து ஆட்களுக்கு முதல் பந்தி, என் லாரி ஆட்களுக்குக் கடைசி என்றேன்.

"அப்ப வேற ஆளப் பாருங்க. வந்த வரிசையில போட்டுத்தான் எனக்குப் பழக்கம்."

ஊர் முழுக்கச் சொன்ன வாய் என்னுடையது. ரயிலுக்கோ பத்து நிமிஷம்தான் இருந்தது.

"சரிம்மா, வந்த வரிசைதான்" என்றேன்.

வண்டி செடெனாக் ஸ்டேஷன் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு வழி தோன்றியது. கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டாரை விடிவதற்குள் என் லாரியிலேயே ஏற்றி வந்து, பந்தல் வாசலில் இறக்கிவிட வேண்டும்.