வருத்தத்துக்கு உரிய கருவி

கஜாலினி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளுடைய தாய் “கொம்பியூட்டரில ஏதோ” என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்டி நகரத்துத் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்கு, நோயாளிகள் வாட்ஸ்அப்பில் எழுதினால் தானாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அவளுடைய நிறுவனம் செய்துகொடுத்தது. அதை டேட்டாபேஸுக்குள் சும்மா அவிழ்த்துவிட்டால் கண்டதையும் கிண்டும். ஆகவே அது டேட்டாபேஸிடம் கேட்கக்கூடிய கேள்விகளை முன்கூட்டியே எழுதிப் பூட்டிவைப்பார்கள். இன்றைக்கு எந்த டொக்டர் வருகிறார், இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததா, முறைப்பாட்டைப் பதிவுசெய் என்று ஒவ்வொன்றும் ஒரு கருவி. நோயாளி என்ன சொன்னால் எதை எடுப்பது என்று ஒவ்வொரு கருவிக்கும் விளக்கம் எழுத வேண்டும். அதில் ஒரு சொல் பிசகினால் கதை கந்தல். அந்த விளக்கங்களை எழுதுவதுதான் கஜாலினியின் வேலை.

பேராதனையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் சிங்களவர், நல்ல சனம். ஆனால் அவளுடைய சிங்களம் கடைக்குப் போய்வரப் போதும், மனம்விட்டுக் கதைக்கப் போதாது. மாலையில் அறைக்கு வந்தும் உதவியாளருக்கு எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளில் அவள் அதிகம் தமிழ் கதைத்தது அந்த இயந்திரத்தோடுதான். நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சண்டை ஒரு சொல்லில் தொடங்கியது. டொக்டர் நேரம் காட்டும் கருவிக்குக் கீழே, ‘வருத்தம் என்று சொன்னால் இதை எடு’ என்று கஜாலினி எழுதியிருந்தாள். அவளுடைய ஊரில் வருத்தம் என்றால் நோய், வருத்தக்காரர் என்றால் நோயாளி. கடுகண்ணாவையிலிருந்து யாரோ, “நீங்க நடந்துக்கிட்டது வருத்தமா இருக்கு” என்று எழுத, உதவியாளர் புதன்கிழமை டொக்டரைப் பார்க்க வரச் சொல்லிவிட்டது. தமிழ்ப் பதில்களைச் சரிபார்ப்பவர் றேணுகா, கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அந்தச் சொல்லைத் தூக்கி, குறை சொல்பவர்களுக்கான முறைப்பாட்டுக் கருவிக்குக் கீழே போட்டார்.

“அப்ப எங்கட ஆக்கள் என்ன செய்யிறது, அக்கா?”

“உங்க ஆளுங்க காய்ச்சல்னு சொல்லட்டுமே, கஜா. வாயா வலிக்கும்?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஜாலினி அன்று முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மறுநாள் காலை எழும்ப முடியவில்லை. உடம்பு கொதித்தது. “எனக்குக் கொஞ்சம் வருத்தம் அக்கா. இண்டைக்கு வரேல்லை” என்று றேணுகாவுக்கு அனுப்பினாள். முதல் நாள் சண்டைக்குப் பிறகு அதை வேறு எப்படி வாசிப்பது? றேணுகாவுக்குத் தெரியாத சொல் இல்லை அது. ஆனாலும் பிள்ளைக்குக் கோபம், ஆறட்டும் என்று விட்டுவிட்டார். நல்ல மனதோடுதான் விட்டார், அதுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்காரர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். தாய்க்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் கைகளில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. “வருத்தம் கூடிட்டுது, அக்கா” என்று றேணுகாவுக்கு எழுதினாள்.

“சரி கஜா, நான் தொந்தரவு பண்ணல” என்று பதில் வந்தது.

நோய் என்று தெரிந்தும் இப்படி எழுதுகிறாரே என்று கஜாலினி போனைக் கவிழ்த்து வைத்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பழக்கதோஷத்தில் உதவியாளருக்கே எழுதினாள்: “வருத்தம். எழும்ப ஏலாமல் கிடக்கு. ஒருத்தரும் இல்லை.”

“உங்கள் முறைப்பாடு பதிவுசெய்யப்பட்டது. ஏற்பட்ட மனக்கசப்புக்கு மன்னிக்கவும்.”

அதைத் திரும்பவும் வாசித்தபோதுதான், றேணுகா என்ன விளங்கிக்கொண்டிருப்பார் என்பது அவளுக்கு விளங்கியது. விளக்கி எழுத விரலில் பலம் இல்லை. ஓட்டோ ஒன்றைக் கூப்பிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெங்கு. கூட வந்தது யார் என்று தாதி சிங்களத்தில் கேட்டார். யாரும் இல்லை என்று சொல்லும் அளவுக்கு அவளுக்குச் சிங்களம் தெரிந்திருந்தது.

முறைப்பாடுகளைப் பார்ப்பதும் றேணுகாதான். மறுநாள் அவற்றைத் திறந்தபோது, தெரிந்த நம்பர் ஒன்றிலிருந்து ஒரு முறைப்பாடு வந்திருந்தது. ‘எழும்ப ஏலாமல்’ என்ற இடத்துக்கு மேல் அவர் வாசிக்கவில்லை. உடனே அழைத்தார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்க, கஜாலினி மற்றக் கையால் போனை எடுத்தாள்.

“எங்க இருக்கீங்க, கஜா?”

“ஆஸ்பத்திரியில.”

“அப்ப நீங்க சொன்ன வருத்தம்... காய்ச்சலா? என்மேல கோவம்னுல்ல நினைச்சேன்.”

“முதலில காய்ச்சல் மட்டுந்தான், அக்கா” என்றாள் கஜாலினி. “இப்ப ரெண்டும்.”