பன்னிரண்டு கெட்ட கனவுகள்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதனால் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த அண்ணன், நாட்டுக் கதைப்பாடல் ஏடுகளை என்னிடம் தந்து, மனைவி கெட்ட கனவு காணும் இடங்களைப் பிரதி எடுக்கச் சொன்னார். ஒரே கனவு கதைக்குக் கதை ஏன் திரும்ப வருகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பன்னிரண்டு கதைகள் எழுதினேன். பன்னிரண்டிலும் தாலி ஆற்றோடு போவதாக மனைவி கனவு காண்கிறாள். புருஷன் கேளாமல் புறப்படுகிறான். அவன் திரும்புவதே இல்லை.

எழுதியதைப் பேராசிரியரிடம் காட்ட அண்ணன் பட்டணத்துக்குக் கிளம்பிய அன்று காலையில், மதினி அதே கனவைக் கண்டதாகச் சொன்னாள். 

"அண்ணே, இன்னைக்குப் போகாண்டாம்" என்று கெஞ்சினேன்.

அண்ணன் சிரித்தார். "ஏலே, கனவெல்லாம் பொய்னுதான அத்தனை புருசனும் சொல்லுதான்? நானும் சொல்லுதேன். பதிமூணுன்னு எழுதிக்கோ."

"நீங்க தெனமும் ராகம் போட்டு வாசிச்சு எழுதினா, அடுப்படியில இருக்கவளுக்கு வேற என்ன கனவு வரும்?" என்று மதினி என்மேல் பாய்ந்தாள்.

உண்மைதான். வாய்விட்டுப் படிக்காமல் எனக்கு எழுத வராது. ஆனாலும் பயம் போகவில்லை.

ஐந்தாம் நாள் அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. சுகமாகச் சேர்ந்தாராம், வெள்ளிக்கிழமை வருகிறாராம். மதினி நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள். நான் ஏடுகளை மறுபடி அவிழ்த்து, நடுவில் இப்படி ஒரு சுகச் சேதி எத்தனை கதைகளில் வருகிறதென்று தேட உட்கார்ந்தேன். இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு.