ஆறாம் சேனல்

ஏணியக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியவில்லை. தோளில் ஏணியோடு நாலு தெரு மொட்டைமாடிகளிலும் ஏறி இறங்கி, குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, ஒரே இன்டர்நெட்டை நாற்பது வீட்டுக்குப் பகிர்ந்து கொடுத்தாள். இன்று மண்ணுக்கடியில் கேபிள் வந்துவிட்டது. அந்தக் குழாய்களில் துணி காய்கிறது. இருந்தாலும், அந்த நாள் போல வருமா?

ஒருமுறை எல்லா வீட்டிலும் இணைப்பு திக்கித் திணறியது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா எல்லாத்தையும் கழட்டிடலாம்க்கா" என்று தெருக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அக்கா அன்றே ஏணியைத் தூக்கினாள். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததாயிற்றே.

மாடி மாடியாக ஏறிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். அத்தனை வைஃபை பெட்டியும் ஒரே அலைவரிசையில், ஆறாம் சேனலில்! முதல் வீட்டுக்கு அவள் வைத்துக் கொடுத்த எண், வாய்வழியாகத் தெருவெல்லாம் பரவியிருந்தது.

"எல்லாரும் ஒரே சேனல்ல இருந்தாத்தானேக்கா ஒத்துமை?" என்றார் பேக்கரிக்காரர் பெருமையாக.

"ஒத்துமை மனசுல இருக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா யார் பேச்சு யாருக்குக் கேக்கும்?"

ஒன்று, ஆறு, பதினொன்று என்று பிரித்துக் கொடுத்தாள். சுற்றிலும் ஒன்றும் பதினொன்றும் போய்விட, அவள் மாடிக்கு மிஞ்சியது ஆறு. அப்படியும் சிக்னலில் இரைச்சல் தீரவில்லை. அளந்து பார்த்தால், அது எதிர்த்தெருவில் இருந்த தங்கை வீட்டிலிருந்து வந்தது.

தங்கையோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். குழாய் நட அக்கா மாடியில் போட்ட ஓட்டை வழியே மழை ஒழுகி, தங்கையின் மெத்தை நனைந்தது. 'வேலை தெரியாதவ' என்றாள் ஒருத்தி, 'நன்றி கெட்டவ' என்றாள் மற்றவள். தங்கை வேறு இணைப்பு வாங்கி, அக்கா கொடுத்திருந்த அதே பெட்டியில் மாட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை அக்கா ஏணியோடு அந்த வாசலில் நின்றாள்.

"சேனலை மாத்தணும்" என்றாள், கதவைப் பார்த்து.

தங்கை வழிவிட்டாள். மாடியில் ஆன்டெனா துருப்பிடித்து, இன்னும் அக்கா வீட்டையே பார்த்து நின்றது.

"இதைத் திருப்பவே இல்லையாடி நீ?"

"நீ கட்டினது. திருப்ப மனசு வரல. சேனலும் நீ வெச்சதுதான்."

ஆன்டெனாவைத் திருப்ப எடுத்த ஸ்பேனரை அக்கா மறுபடி பைக்குள் போட்டாள்.

"மாத்த வேணாம். மறுபடியும் நம்ம நெட்டுலயே சேர்த்துடறேன். சேர்ந்துட்டா ரெண்டு பெட்டியும் முறை வெச்சுப் பேசிக்கும், இரைச்சல் இருக்காது."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "சேத்துடு. ஆனா இந்தத் தடவை ஓட்டை மட்டும் போட்டுடாதேக்கா."

ஞாயிற்றுக்கிழமை யாரும் எதையும் கழற்றவில்லை.