ஒரு பெட்டிக்கு இரண்டு பிளக்

கழுத்தில் டை கட்டிக்கொண்டு எண்ணூர் புழுதிக்குள் வருகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. எங்கள் கன்டெய்னர் யார்டின் புரோகிராமைப் புதுப்பிக்க வந்த ஆலோசகரும் அப்படித்தான் வந்தார். பல வருடமாக ஸ்மால்டாக் என்ற கணினி மொழியில் நான் எழுதி வளர்த்தது அது. அதை அதே மொழியின் வேறொரு வகைக்கு மாற்ற வேண்டும். "ரெண்டும் ஸ்மால்டாக்தானே, அப்படியே தூக்கி வெச்சா ஓடும்" என்றார். எல்லாம் தமிழ்தானே என்று வடசென்னை டோல்கேட்டில் வந்து வாயைத் திறந்து பார்க்கட்டும்.

வித்தியாசம் சின்னதுதான். பழையதில் ஓர் ஆப்ஜெக்டை, அதாவது ஒரு பெட்டிக்கான பதிவை, உருவாக்கினால், அதன் ஆரம்ப வேலைகளைச் செய் என்று நாமே ஒரு வரி எழுத வேண்டும். புதியதில் அதுவே செய்துகொள்ளும். பழைய வரியையும் விட்டுவைத்தால் ஆரம்ப வேலை இரண்டு முறை நடக்கும். எங்கள் புரோகிராமில் குளிர்பதனப் பெட்டி பதிவானதும் நடக்கும் ஆரம்ப வேலை, அதற்கு யார்டில் ஒரு மின்சார பிளக் ஒதுக்குவது.

இது எனக்கு முதல் நாளே தெரியும். மீட்டிங்கில் அந்த மேதாவி என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்காதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மாற்றிய மூன்றாம் நாள் மதியம், பிளக் எல்லாம் நிரம்பிவிட்டதாகத் திரை காட்டியது. யார்டில் பாதி காலி. "டேட்டா என்ட்ரி மிஸ்டேக்" என்று சொல்லிவிட்டு ஆலோசகர் பிரியாணி சாப்பிடப் போனார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

பிளக் நம்பர் விழாமல் கேட் பாஸ் வராது. இறால் பெட்டியோடு வெளியே நின்ற டிரெய்லர் டிரைவர் என் ஜன்னலுக்கு வந்தார். தண்டையார்பேட்டைக்காரர்.

"உள்ள பிளக்கு காலியா கீது சார், நானே பாத்தேன். வண்டில ஜெனரேட்டர் நின்னுபோச்சு. எறா கெட்டுப்போனா என் தலைலதான் கட்டுவாங்க."

"அவர் வரட்டும்" என்றேன்.

நான்கு மணிக்கு அவர் வந்தார். எல்லோர் முன்னாலும் அந்த ஒரு வரியை அழித்துக் காட்டினேன். இரண்டு நிமிட வேலை. அவர் முகம் கறுத்ததைப் பார்க்கத்தான் அத்தனை நேரம் காத்திருந்தேன்.

பெட்டியைத் திறந்தபோது இறால் நாறிவிட்டிருந்தது. ஆலோசகர் அடுத்த துறைமுகத்துக்குப் போனார். டிரைவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்போது மறுபடியும் என் ஜன்னலில் நின்றார்.

"நீதான் சரி பண்ணியாமே சார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நீ சொல்லாமலா இருந்திருப்ப."