நாலு எண்ணுகிறவன்தான் மாஸ்டர்

பெங்களூரில் ஆட்டோ பிடிப்பது ஒரு கூத்து. அல்சூரில் நின்று நான் கன்னடத்தில் கேட்பேன், டிரைவர் கன்னடத்தில் முறுக்குவான், பேரமும் கன்னடத்திலேயே முடியும். ஆஸ்டின் டவுனில் தெரு தாண்டி நிறுத்திவிட்டான் என்று சண்டை வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் தமிழ் பொத்துக்கொண்டு வரும். அவன் திருப்பத்தூர், நான் குடியாத்தம். ஏறும்போதே இருவருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் முதலில் வாயைத் திறப்பதில்லை. இதை நாகரிகம் என்று சொல்லும் தமிழர்கள் இங்கே நிறைய. நாகரிகமாவது மண்ணாவது. பயம். தொண்ணூற்றொன்று கலவரத்தில் பிடித்தது, இன்னும் விடவில்லை.

அந்தப் பயம் இல்லாத ஒரே ஆளிடம் நான் டிரம்பெட் ஊதினேன். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆஸ்டின் டவுனிலேயே பிறந்த கத்தோலிக்கர், சாக்ஸபோன்காரர். வாலிபத்தில் கன்டோன்மென்ட் நடன அரங்குகளில் ஒரு ஆங்கிலோ இந்தியனின் பேண்டில் ஊதியிருக்கிறார். அந்த ஆள் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மூக்கால் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணுவானாம். எண்ணி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து தொடங்க வேண்டும். இவர் பிந்தினால் மேடையிலேயே திட்டு. ஒருநாள் வெளியே வந்து சொந்த பேண்டு ஆரம்பித்தார். அமெரிக்கக் கறுப்பர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ். "இந்த ஊர்ல அத மொத மொத ஊதுனவன் நான்தான்" என்பார். மறுத்துப் பேச அந்தக் காலத்து ஆள் எவனும் உயிரோடு இல்லை. சொந்த பேண்டில் அவர் செய்த முதல் காரியம், தமிழில் எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மைக்கில், ஊரே கேட்கிற மாதிரி.

நான் குடியாத்தத்தில் கல்யாண பேண்டு செட்டில் இருந்தவன். காலையில் கல்யாணம், மதியம் சாவு, சட்டைகூட மாற்ற மாட்டோம். மூச்சு இருக்கிறவரை ஊதுவதுதான் எங்களுக்குத் தெரிந்த சங்கீதம். முதல் ஒத்திகையில் மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாத்துக்குடா இப்டி ஊதற? மாப்ள ஓடிட்டானா? தேடறியா?"

"இல்ல மாஸ்டர், நடுவுல காலியா இருந்திச்சி..."

"காலியா இருக்கட்டும் குரு. அதுலதான் ஜனம் ஆடும். நீ சும்னே ரொப்பாத."

டிரம்ஸில் இருந்த நாகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் மண்டியாக்காரன், காவிரிக்கரை விவசாயி மகன். எனக்கு அப்போது கன்னடம் தெரியாது, அவனுக்குத் தமிழ் அரைகுறை. அவன் பாராட்டினால் நான் சண்டைக்குப் போவேன், நான் திட்டினால் அவன் தலையாட்டுவான். அப்படியே நண்பர்களாகிவிட்டோம்.

அந்தத் தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரிக்காக ஊர் எரிந்தது. தமிழ்ப் போர்டு தொங்கிய கடைகளை உடைத்தார்கள். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்து, வந்துவிடு என்றான். வந்து? மறுபடி சாவுக்கு ஊதவா? ஊரில் உட்கார்ந்து வீரம் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நீங்கள் பேசுகிற ஒவ்வொரு பேச்சுக்கும் இங்கே எவனாவது ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

நாங்கள் சனிக்கிழமை தோறும் வாசித்த பப் சில வாரம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. முதலாளி ஷெட்டி மாஸ்டரைத் தனியாகக் கூப்பிடாமல் எங்கள் எதிரிலேயே சொன்னார்.

"பேஜார் ஆகாதீங்க மாஸ்டர். அந்த எண்றது மட்டும் வேணாம். நாகராஜ் குச்சிய தட்டட்டும். டக் டக் டக் டக். முடிஞ்சுது."

"அப்ப பேண்டு அவனுதா?"

"ஐயோ, பேண்டு நிம்துதான், உங்களுதுதான் மாஸ்டர். எண்ணாதீங்க, அவ்ளோதான். மீறுனா சனிக்கெழமைக்கு வேற ஆள் பாப்பேன்."

ஷெட்டிக்கு அது புரியவே இல்லை. எண்ணுகிறவன்தான் பேண்டை நடத்துகிறவன். வேகம் அவன் வாயில்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் மாஸ்டரும் என்னைப் போல ஒரு ஊதுகிற ஆள். இங்கிலீஷிலாவது எண்ணுங்களேன் என்றேன். "அந்த மூக்கன்கிட்டயே இருந்திருப்பேனே" என்றார். ஆனால் ஐந்து பேர் பிழைப்பு அந்தச் சனிக்கிழமையில் இருந்தது. மைக்கை நாகராஜ் பக்கம் தள்ளிவைத்தார்.

கூட்டம் நிரம்பியிருந்தது. மாஸ்டர் சாக்ஸபோனை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாகராஜ் குச்சியைத் தூக்கினான். தட்டவில்லை. மைக்கில் குனிந்து கத்தினான்: "ஒண்ணு! ரெண்டு! மூணு! நாலூஊ!"

மண்டியா வாய். நாலை ரப்பர் மாதிரி இழுத்துவிட்டான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஆளுக்கொரு இடத்தில் விழுந்தோம். பின்மேசையில் இரண்டு பேர் எழுந்து "யாரோ அது தமிழு?" என்று கத்தினார்கள். நாகராஜ் அதைவிடச் சத்தமாக, தான் மண்டியா என்றும் தன் வயலுக்கும் காவிரித் தண்ணீர்தான் என்றும் கன்னடத்தில் சொல்லிவிட்டு ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்தான். உட்கார்ந்துவிட்டார்கள். மண்டியாக்காரனிடம் காவிரி பேச எவனுக்கும் தைரியம் இல்லை, ஷெட்டிக்கும்.

மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இடைவேளையில் அவன் சட்டையைப் பிடித்தார்.

"என் வேலய நீ ஏன்டா செஞ்ச? நாலு எண்ணத் தெரியுதா உனக்கு? எருமய ஓட்டற மாதிரி இழுக்கற!"

"நீங்க எண்ணலியே மாஸ்டர்!"

அடுத்த பாட்டுக்கு மைக்கை இழுத்துக்கொண்டு அவரே எண்ணினார். பிறகு எந்தச் சனிக்கிழமையும் ஷெட்டி வாய் திறக்கவில்லை.

மாஸ்டரை ஓய்த்தது காவிரி இல்லை, பல். முன்பல் இல்லாமல் சாக்ஸபோன் ஊத முடியாது. இப்போது பொய்ப்பல்லோடு வீட்டு வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைத் திட்டுகிறார், தமிழில். பப்புகளில் கம்ப்யூட்டர் பாடுகிறது. கல்யாணம், சர்ச் விழா என்று கிடைக்கிற இடத்தில் பேண்டை நாகராஜ் நடத்துகிறான். எண்ணுவது இன்னமும் தமிழில்தான். நாலை இன்னமும் இழுக்கிறான். எங்களுக்குப் பழகிவிட்டது.

போன தை மாதம் குடியாத்தத்தில் அண்ணன் மகள் கல்யாணம். என் பழைய பேண்டு செட்டுதான் வந்திருந்தது, ஆட்கள் புதுசு. பெங்களூர் மாமா ஒரு பாட்டு வாசிக்கணும் என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். டிரம்பெட்டை வாங்கிக்கொண்டு திரும்பி நின்று எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலூஊ.

"இன்னா மாமா, கன்னடத்துக்காரன் மாதிரி எண்ற?" என்று எவனோ சிரித்தான். அதற்குள் அவர்கள் தொடங்கி வெகுதூரம் போய்விட்டார்கள். நான் இன்னும் நாலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.