கூட்டுப் படிப்பும் ஆட்டுத் தோலும்

ரசாயனத்தையும் வணிகத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுப் படிப்பு கொண்டுவந்துவிட்டோம் என்று எங்கள் கல்லூரியில் மேளம் கொட்டாத குறை. பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்காரர் மகனான நானும் நம்பிச் சேர்ந்து தொலைத்தேன்.

போன வாரம் தோலெல்லாம் கறையாக இருக்கிறதென்று மதராஸ் வியாபாரி ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இதுக்குத்தானே படிக்கிற, வாத்தியார்ட்ட கேட்டுட்டு வா" என்றார் அத்தா.

இன்று ஒரு தோலைச் சுருட்டிக்கொண்டு முதலில் ரசாயனப் பேராசிரியரிடம் போனேன்.

"சரக்கைத் திருப்பிட்டான்னா அது வியாபாரத் தகராறுப்பா. காமர்ஸ்ல போய்க் கேளு."

போனேன்.

"கறைன்னா கெமிஸ்ட்ரி. எங்கிட்ட ஏன் வார?" என்றார் வணிகப் பேராசிரியர்.

சரி, இருவரும் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்பில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வந்தார்கள். வருகைப் பதிவு யார் எடுப்பது என்று செத்த நேரம் முறைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு முறை எடுத்தார்கள். பாடத்தை யாரும் எடுக்கவில்லை.

நான் எழுந்து மேசைமேல் தோலை விரித்தேன்.

இரண்டு கைக்குட்டைகள் ஒரே நேரத்தில் இரண்டு மூக்குகளுக்குப் போயின. "வெளிய கொண்டு போப்பா!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். படிப்பு தொடங்கிய நாளிலிருந்து அந்த இரண்டு துறைகளும் கூட்டாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தா கேட்கிறார்: "ரெண்டு வாத்தியாரும் என்னப்பா சொன்னாக?"

மூக்கைப் பொத்திக் காட்டிவிடட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.